பத்தாவது ஃபோல்டர்

சின்னவள் தன் லேப்டாப்பை வீட்டுக்குள் திறந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மாலை அண்ணன் அதை அவளிடமிருந்து வாங்கி, எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைக்கப் புதிதாக வந்த பேக்கப் பெட்டியோடு இணைத்தான். அன்றோடு சரி. பெட்டி அதிலிருந்து எதையும் எடுத்துக்கொள்வதற்குள் அவள் ஓடிவந்து மூடியைச் சாத்திவிட்டாள். "வேலை இருக்கு அண்ணா" என்று தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அது அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் மட்டும்தான் திறந்தது. அங்கே வருகிறவர்களுக்குக் கண் பரிசோதிப்பது அவள் வேலை. மதியம் கூட்டம் இல்லாத அரை மணி நேரத்தில், எழுத்துப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து, வக்கீலுக்கு அனுப்ப வேண்டியதை எழுதிக்கொண்டிருந்தாள்.

அது விவாகரத்து மனுவுக்கான விவரம். வீட்டில் யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளை ஆறு மாத வேலையாக வெளியூர் போயிருக்கிறார், அதுவரைக்கும் பெண் தாய் வீட்டில் இருக்கிறாள் என்பதுதான் வீட்டில் பேச்சு. மாப்பிள்ளை எந்த ஊருக்கும் போகவில்லை. இவளும் இனி அங்கே திரும்புவதாக இல்லை.

அம்மாவிடமாவது சொல்லிவிடலாம். அண்ணனிடம்தான் வாய் எழவில்லை. மாப்பிள்ளை அவனுடைய பதினைந்து வருடச் சிநேகிதன். "இவனுக்குக் கண்ணை மூடிட்டுப் பொண்ணு கொடுக்கலாம்" என்று ஒற்றைக் காலில் நின்று கட்டிவைத்தவனே அவன்தான்.

மனு கோர்ட்டுக்குப் போகட்டும். பிறகு ஒரு நாள், தான் பார்த்து வைத்த ஒரு நாளில், தன் வாயால் சொல்ல வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

இன்று வியாழன். கடைக்கு அவளுக்கு வார விடுமுறை. காலையில் தட்டுக்கு முன்னால் உட்காரும்போதே அண்ணன் ஆரம்பித்தான்.

"இன்னிக்கு லீவுதானே? லேப்டாப்பை எடு. அஞ்சே நிமிஷம்."

"சாயந்திரம் பாக்கலாம் அண்ணா."

"நாலு நாளா அந்தச் சாயந்திரம் வரவே மாட்டேங்குது."

"உனக்கு என்ன இவ்வளவு அவசரம்?"

"லிஃப்ட் அறுந்த பிறகு கயிறு வாங்கக் கடைக்கு ஓட முடியாதும்மா. ஒரு கயிறே ஆளைத் தாங்கும். ஆனா நாலு போடறோம். எதுக்கு?"

"நீ பேசறதுக்கு விஷயம் வேணும்னுதான்," என்றாள் அம்மா, தோசைக் கரண்டியைக் கழுவியபடி.

அவன் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். உலகத்தில் எதைப் பார்த்தாலும் அது எங்கே தொங்குகிறது, அறுந்தால் எது பிடிக்கும் என்றுதான் கண் போகும். அதனால்தான் வீட்டில் இருந்த நான்கு கம்ப்யூட்டரையும் ஒரு பெட்டியில் சேர்த்திருந்தான். புத்தக அலமாரியின் மேல்தட்டில், ரவுட்டருக்குப் பக்கத்தில், பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. நான்கிலும் இருப்பது பெட்டிக்குப் போகும். பெட்டியில் இருப்பது நான்குக்கும் வரும். ஒன்று செத்தாலும் மற்றது பேசும்.

"பதினாலு மாடிக் கட்டடம் இன்னிக்கு," என்று ஷூவை மாட்டினான். "லிஃப்ட் ஷாஃப்ட்டுக்குள்ள இறங்கிட்டா சிக்னல் இருக்காது. ஏதாவதுன்னா மெசேஜ் போடுங்க."

போய்விட்டான்.

பத்து மணிக்கு உள் அறையிலிருந்து அவன் மனைவியின் குரல் கேட்டது.

"அத்தை."

ஒரே ஒரு வார்த்தைதான். கத்தவில்லை. ஆனால் முப்பத்தாறு வருடம் வார்டில் நர்ஸாக இருந்த அம்மாவுக்கு எந்தக் குரலுக்கு நடக்க வேண்டும், எந்தக் குரலுக்கு ஓட வேண்டும் என்று தெரியும். ஓடினாள்.

மருமகள் படம் வரைகிறவள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மனித உடலைப் பற்றி ஒரு பெரிய புத்தகம். எட்டு மாதமாக வரைந்தது. மொத்தம் அறுபத்து நான்கு படங்கள். இன்று மாலை நான்கு மணிக்குள் அச்சகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கடைசியாக ஒரு முறை பார்த்துவிடலாம் என்று திறந்திருந்தாள்.

"என் ஃபோல்டர் இல்ல."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா இல்ல அத்தை. நேத்து அச்சகத்துக்குக் கலர் பாக்கப் போறதுக்கு முன்னாடி இருந்தது. இப்ப இல்ல. பெட்டியில பாத்தேன், அங்கேயும் இல்ல. குப்பைத் தொட்டியில இல்ல. அவர் கம்ப்யூட்டர்ல இல்ல."

"முன் ரூம்ல?" என்று கேட்டபடி சின்னவள் வந்தாள்.

மருமகள் ஏற்கனவே முன்னறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் பொதுவான கம்ப்யூட்டர் அங்கே இருந்தது. அம்மாதான் அதில் உட்காருவாள்.

அதிலும் இல்லை.

அம்மா கதவோரம் நின்றாள். கையை முந்தானையில் துடைத்தாள். ஈரமே இல்லாத கையைத் திரும்பவும் துடைத்தாள்.

"உடல் படங்கள்னு ஒண்ணு... மஞ்சளா... அதுவா?"

மருமகள் மெல்லத் திரும்பினாள். "அதுதான்."

"நான்தான்மா அழிச்சேன்."

மருமகள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"நேத்து மத்தியானம். எங்க பழைய வார்டு ஆளுங்க சேர்ந்து எடுத்த போட்டோ வந்தது. அதைப் போடப் போனா, இடம் இல்லைன்னு சொல்லுச்சு. பாத்தா, நான் வைக்காத பொருள் ஒண்ணு அங்க உக்காந்திருக்கு. உன் படம்னு தெரியும். உன்கிட்ட இருக்கு, பெட்டியில இருக்கு, இங்க எதுக்கு மூணாவதா ஒண்ணுன்னு..."

"அழிச்சிட்டீங்க."

"இங்க மட்டும்தான்மா அழிச்சேன்!"

"ஒரு இடத்துல அழிச்சா எல்லா இடத்துலயும் போயிடும்மா. குப்பைத் தொட்டியில இருக்குமே," என்றாள் சின்னவள். "அம்மா? தொட்டியில இருக்குமில்ல?"

"அதையும் காலி பண்ணிட்டேன்." அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "நிறைஞ்ச தொட்டியை வச்சுட்டு நான் ஷிஃப்ட் முடிச்சதே இல்லடி."

மருமகள் சிரித்தாள். கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு.

"பொறுக்க முடியலையா அத்தை? ஒரு போன். 'இது வேணுமா, வேண்டாமா'ன்னு ஒரே ஒரு போன்."

"உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு..."

"எட்டு மாசம்! என் முதுகைப் பாருங்க, நிமிர மாட்டேங்குது. உங்க கண்ணுக்கு அது குப்பை."

"குப்பைன்னு நான் சொல்லலையே."

"தொட்டியில போட்டா வேற என்ன பேரு?"

"அண்ணி," என்றாள் சின்னவள்.

"நீ சும்மா இரு. உனக்கென்ன, உன் பொருளை நீ யார் கையிலயும் கொடுக்காம தூக்கிட்டுப் போயிட்டே. புத்திசாலி. நான்தான் முட்டாள் மாதிரி எல்லாத்தையும் அந்தப் பெட்டிகிட்ட கொடுத்தேன்."

சின்னவள் தன் அறைப் பக்கம் திரும்பினாள். அது அண்ணி திட்டியதால் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மூடியைச் சாத்துவதற்கு முன் லேப்டாப்பில் ஒரு கோடு ஓடி முடிந்ததை அவள் பார்த்திருந்தாள். 'முதல்ல பெட்டியில இருக்கறது உன்கிட்ட வரும், அப்புறம் உன்னோடது பெட்டிக்குப் போகும்' என்று அண்ணன் சொல்லியிருந்தான். அவளுடையது போகவில்லை. பெட்டியில் இருந்தது வந்துவிட்டது. திங்கட்கிழமை கடையில் திறந்தபோது மஞ்சளாக ஒரு ஃபோல்டர் இருந்ததே. அவள் அதைத் தொடக்கூட இல்லை.

அந்தப் படங்கள் அவள் அறையில், துணிப் பைக்குள், போர்வைக்கு அடியில் இருந்தன. வக்கீலுக்கு எழுதியதும் அங்கேதான் இருந்தது.

தானே போய்த் திறந்து எடுத்து வந்துவிடலாமா? வீட்டுக்குள் திறந்தால் லேப்டாப் தானாகவே வைஃபையைப் பிடித்துக்கொள்ளும். பெட்டியிடம் பேச ஆரம்பித்துவிடும். பெட்டி என்ன சொல்லும்? 'அந்தப் படங்களை அழித்தாகிவிட்டது, நீயும் அழி' என்று சொல்லும். அதே மூச்சில், 'உன்னிடம் புதிதாக என்ன இருக்கிறது, கொடு' என்றும் கேட்கும். ரெண்டும் போய்விடும். நிறுத்துகிற வித்தை அவளுக்குத் தெரியாது.

மருமகள் அச்சகத்துக்காரருக்குப் போன் செய்ய எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள். மூன்று முறை தப்பான பெயரைத் தொட்டாள்.

"என்னன்னு சொல்லப் போறீங்க அண்ணி?"

"செத்துப் போச்சுன்னு சொல்றேன். மிஷின்ல பேப்பர் ஏத்திட்டுக் காத்திட்டிருக்காங்க. இனிமே எனக்கு அங்க வேலையே கிடையாது. அதையும் அவங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்."

"போனை வைங்க."

"எதுக்கு?"

"வைங்கன்னு சொல்றேன்ல. என்கிட்ட இருக்கலாம்."

மருமகளும் அம்மாவும் ஒன்றாக அவளைப் பார்த்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை என்கிட்டயும் வந்தது. அதுக்கப்புறம் வீட்டுல நான் திறக்கல. அழிச்சது என்கிட்ட வந்திருக்காது."

"ஒரு மணி நேரமா இங்கேயே நிக்கறே," என்றாள் மருமகள். "இப்ப சொல்றே?"

"பத்து நிமிஷம்தான் ஆச்சு."

"எனக்கு ஒரு மணி நேரம். எடு. ஓடு!"

சின்னவள் ஓடவில்லை. "அண்ணாகிட்ட கேக்காம திறந்தா இதுவும் போயிடும்," என்றாள். அது உண்மைதான். உண்மையாக இருந்தது அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

அண்ணனுக்கு மூவரும் மூன்று மெசேஜ் அனுப்பினார்கள். அம்மா அனுப்பியது நீளமாக இருந்தது. மன்னிப்பும் அதில் இருந்தது, மதியச் சாப்பாட்டை மறக்காமல் சாப்பிடச் சொல்வதும் இருந்தது.

பதினொன்று பத்துக்கு அவன் கூப்பிட்டான். பின்னால் காற்று இரைந்தது.

"மொட்டை மாடியில நிக்கறேன். எல்லாரும் கேளுங்க. லேப்டாப்பை யாரும் திறக்கலையே?"

"இல்ல."

"நல்லது. முதல்ல ரவுட்டர் வயரைப் பிடுங்குங்க. அணைக்க வேண்டாம், பிடுங்குங்க. அம்மா, நீ தொடாதே."

"நான் எதையும் தொடலடா சாமி. கையைக் கட்டிட்டு நிக்கறேன்."

மருமகள் நாற்காலி மேல் ஏறி வயரை உருவினாள். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"ஆச்சு. இப்ப லேப்டாப்பைக் கொண்டு வா. சாப்பாட்டு மேஜையில வை. போனை ஸ்பீக்கர்ல போடு."

"என் ரூம்லயே பாத்துட்டுச் சொல்றேனே அண்ணா."

"உன் ரூமுக்கு என்ன அவசியம்? அவ பக்கத்துல இருக்கட்டும், அவ படம் எதுன்னு அவளுக்குத்தான் தெரியும்."

மருமகள் அதற்குள் சின்னவளின் அறையிலிருந்து துணிப் பையையே தூக்கி வந்துவிட்டாள். மேஜையில் வைத்தாள். தெய்வத்தைத் தொடுவதுபோல் ஜிப்பைத் தொட்டாள். சின்னவள் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, திரை தன் முகத்துக்கு நேராக இருக்கும்படி திறந்தாள். மருமகள் சுற்றி வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றாள். அங்கே நிற்காதீர்கள் என்று எப்படிச் சொல்வது?

"திறந்தாச்சு," என்றாள்.

"மொத்தம் எத்தனை ஃபோல்டர்? கீழ ஓரத்துல எண்ணிக்கை இருக்கும்."

"பத்து," என்று சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.



"பத்தா? ஒன்பதுதானே இருக்கணும். ஞாயித்துக்கிழமை நான் எண்ணினேன். உன்னோடது ஆறு, பெட்டியிலிருந்து வந்தது மூணு. பத்தாவது எங்கிருந்து வந்தது?"

"தெரியல..."

"தெரியலைன்னா எப்படி? அது பெட்டியிலிருந்து வந்திருந்தா, லேப்டாப் நடுவுல ஒரு தடவை பெட்டியோட பேசியிருக்குன்னு அர்த்தம். அப்படின்னா படமும் பாதி போயிருக்கும். ஒவ்வொண்ணா படி."

நாள் முழுக்க அடுத்தவர்களை எழுத்துப் படிக்க வைக்கிறவளை இப்போது உட்காரவைத்துப் படிக்கச் சொன்னார்கள். படித்தாள். சர்டிபிகேட், பாட்டு, சமையல் குறிப்பு, கடை, பழைய போட்டோ, வரி. பிறகு அண்ணனுடையது, அம்மாவுடையது, மஞ்சளாக இருந்த உடல் படங்கள்.

"இருக்கு!" என்று அம்மா கத்தினாள். "அவ படம் இருக்குடா!"

"இரும்மா. ஒன்பது சொன்னே. இன்னும் ஒண்ணு?"

பத்தாவதின் பெயர் நான்கு எழுத்து. 'வக்கீல்'. திங்கட்கிழமை அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கடையில் யார் பார்க்கப் போகிறார்கள்?

தோளுக்குப் பின்னால் மருமகளின் மூச்சு ஒரு கணம் நின்றது சின்னவளுக்குக் கேட்டது.

"என்ன அங்க? கேக்குதா?"

சின்னவள் வாயைத் திறந்தாள்.

"கடை லிஸ்ட்," என்றாள் மருமகள். குரலில் ஒரு பிசிறு இல்லை. "கண்ணாடிக் கடை ஸ்டாக் லிஸ்ட். தேதி திங்கக்கிழமை போட்டிருக்கு. அவளே வச்சது, மறந்துட்டா. பெட்டியிலிருந்து வரல."

"அதைச் சொல்றதுக்கு இவ்வளவு நேரமா? சரி, அப்ப படம் பத்திரம். பென் டிரைவ்ல எடுத்து உன் மிஷின்ல போடு. பெட்டியோட சேர்ந்த பழைய இடத்துல போடாதே, வெளியே வை. லேப்டாப்பை மூடின பிறகுதான் ரவுட்டர் வயரைச் சொருகணும். நான் திரும்ப இறங்கறேன்."

போன் அணைந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பென் டிரைவ் தேடப் போனாள்.

மருமகள் சின்னவளைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடி, உதடு அசையாமல் சொன்னாள்.

"முதல்ல என் வேலை முடியட்டும்."

முடிவதற்கு இன்னும் ஒரு தடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வரைந்ததுதான் லேப்டாப்பில் இருந்தது. எண்ணிப் பார்த்தால் அறுபத்தொன்று. அதற்குப் பிறகு மூன்று நாளில் வரைந்த காது, முழங்கால், உள்ளங்கை மூன்றும் போனது போனதுதான்.

மணி பன்னிரண்டு. மருமகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாரிடமும் எதுவும் சொல்லாமல் காதிலிருந்து ஆரம்பித்தாள். சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து மற்ற படங்களுக்கு எண் போட்டாள். நடுவில் ஒரு தட்டில் சோற்றை உருட்டி அம்மா கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை.

இரண்டரைக்கு முழங்கால் வந்தது. அம்மா கதவுக்கு வெளியே நின்றபடி எட்டிப் பார்த்தாள். போனாள். திரும்பி வந்தாள்.

"சொல்லலாமான்னு தெரியல," என்றாள்.

"சொல்லுங்க அத்தை."

"அந்தச் சின்ன எலும்பு வெளிப்பக்கம் வரணும்மா. நீ உள்பக்கம் போட்டிருக்கே."

மருமகள் பேனாவை நிறுத்தினாள். படத்தைப் பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள்.

"நேத்து போட்டதுலயும் இப்படித்தான் போட்டிருந்தேனா?"

"நேத்தையதை நான் பாக்கலையே. பாக்காமத்தானே அழிச்சேன்."

மூன்று பேருக்கும் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு.

"அதுதான் அச்சுல போயிருக்கும்," என்றாள் மருமகள். "ஊர்ப் பிள்ளைகளெல்லாம் கால் மாத்திப் படிச்சிருக்கும். இங்க உக்காருங்க. உள்ளங்கையை நீட்டுங்க. அசையக் கூடாது."

அம்மா உட்கார்ந்து கையை நீட்டினாள். நாற்பது நிமிடம் அந்தக் கை அசையவில்லை.

மூன்று ஐம்பத்திரண்டுக்குக் கடைசிப் படமும் போய்ச் சேர்ந்தது. நான்கு ஐந்துக்கு அச்சகத்துக்காரர் கூப்பிட்டு, "எல்லாம் வந்துடுச்சு மேடம். முழங்கால் ரொம்ப நல்லா இருக்கு," என்றார். மருமகள் போனை வைத்துவிட்டு, மேஜையில் தலையைச் சாய்த்து ஐந்து நிமிடம் அப்படியே கிடந்தாள். பிறகு எழுந்து நேராகச் சின்னவளின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"எப்பலிருந்து இந்த முடிவு?"

"இங்க வந்த அன்னிலிருந்து."

"அடிப்பானா?"

"இல்ல. அடிச்சிருந்தா சொல்றதுக்குச் சுலபமா இருந்திருக்கும்." சின்னவள் போர்வையின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள். "நான் எங்க போறேன், யாரோட பேசறேன்னு என் போன்லயே வேவு பாக்கற ஆப் ஒண்ணு போட்டு வச்சிருந்தான். ஒன்றரை வருஷம். கடையில எந்த வாடிக்கையாளர்கிட்ட எத்தனை நிமிஷம் பேசினேன்னு ராத்திரி சாப்பாட்டுக்கு நடுவுல சொல்லுவான். சிரிச்சுட்டே சொல்லுவான்."

மருமகள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"உங்க அண்ணன்கிட்ட நான் பொய் சொன்னதே இல்ல. இன்னிக்குச் சொன்னேன். எப்படி வந்ததுன்னு எனக்கே தெரியல."

"தேங்க்ஸ் அண்ணி."

"தேங்க்ஸ் எல்லாம் இருக்கட்டும். ஒரு தடவை வந்துடுச்சு. திரும்பவும் அவர் என் முகத்தைப் பாத்துக் கேட்டா, எனக்கு வராது. அதை மட்டும் தெரிஞ்சுக்கோ."

ஆறு மணிக்கு அண்ணன் வந்தான். முழங்கையெல்லாம் கிரீஸ். கையைக் கழுவியதும் நேராக அலமாரிக்குத்தான் போனான்.

"தப்பு என்னோடதுதான்மா," என்றான் அம்மாவிடம். "நாலு கயிறு போட்டேன். நாலையும் ஒரே கொக்கியில மாட்டிட்டேன். அதுக்குப் பேரு பேக்கப்பே இல்ல. இனிமே பெட்டி வாங்கிக்கும், அவ்வளவுதான். யாரு கம்ப்யூட்டர்லயும் கை வைக்காது. நீ எதை அழிச்சாலும் முப்பது நாளைக்குப் பழசு அங்கேயே இருக்கும்."

"இதை ஞாயித்துக்கிழமையே போட்டிருந்தா எனக்கு இந்தத் திட்டு மிச்சம்."

"ஆளுக்கொரு பூட்டும் போடறேன். அவங்கவங்க பாஸ்வேர்டு அவங்கவங்களுக்கு மட்டும். நான்கூடத் திறந்து பாக்க முடியாது."

முதல் மூன்று கம்ப்யூட்டரையும் முடித்தான். பிறகு தங்கையைப் பார்த்துக் கையை நீட்டினான்.

சின்னவள் கொண்டுவந்து கொடுத்தாள். தனிப் பூட்டு. அண்ணன்கூடப் பார்க்க முடியாது. காலையிலிருந்து அவள் வேண்டிக்கொண்டிருந்தது அதுதான். வேண்டாமலே வந்துவிட்டது. கோர்ட்டுக்குப் போகும்வரை ஓட்டிவிடலாம்.

அவன் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து, மூடியில் கை வைத்தான். திறக்கவில்லை. மனைவி பக்கம் திரும்பினான்.

"அந்தக் கடை லிஸ்ட்டையும் சேத்து வைக்கணுமா? நீதானே பாத்தே. என்ன இருந்தது அதுல?"

மருமகள் அவனைப் பார்த்தாள். வாய் திறந்தது. காதோரம் சிவந்தது. காலையில் பிசிறில்லாமல் வந்த குரல் எங்கேயோ போயிருந்தது.

"அண்ணிகிட்ட கேக்காதே அண்ணா," என்றாள் சின்னவள். "அது கடை லிஸ்ட் இல்ல."

"பின்ன?"

"வக்கீலுக்கு எழுதினது. நான் அவன்கிட்ட திரும்பப் போகல. உன் சிநேகிதன் எந்த ஊருக்கும் போகல. அண்ணி எனக்காகத்தான் சொன்னாங்க, அவங்களை ஒண்ணும் சொல்லாதே."

சொல்லிவிட்டாள். பார்த்து வைத்த நாள் இல்லை இது. ஆனாலும் தன் வாயால்தான் சொன்னாள்.

அண்ணன் கை மூடியிலேயே இருந்தது. நகக்கண்ணில் கிரீஸ் கறுத்திருந்தது.

"திங்கக்கிழமை போன் பண்ணினான்," என்றான்.

சின்னவளுக்கு முதலில் புரியவில்லை. "யாரு?"

"அவன்தான். நீ வீட்டை விட்டு வந்துட்டேன்னு சொன்னான்."

"அப்ப மூணு நாளா நீ லேப்டாப்பைக் கேட்டது..."

"ஞாயித்துக்கிழமை பேக்கப்புக்காகத்தான் கேட்டேன்." அவன் மூடியைப் பார்த்தபடி சொன்னான். "அதுக்கப்புறம் எதுக்குக் கேட்டேன்னு... நேராக் கேக்கத் தைரியம் இல்லாமத்தான் கேட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

அவன் நகக்கண்ணிலிருந்த கிரீஸைத் துடைத்தான்.

"அண்ணா. என்னைப் பத்தி என்ன சொன்னான்?"

"அதை இப்ப என் வாயால சொல்ல மாட்டேன். முதல்ல நீ எழுதினதைப் படிக்கறேன். அவன் சொன்னதும் இதுவும் ஒண்ணா வேறயான்னு பாக்கணும்."

"வேறயா இருந்தா? யாரை நம்புவே?"

லேப்டாப்பின் மூடி இன்னும் சாத்தியே இருந்தது. மருமகள் சின்னவளின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

சமையலறை வாசலில் அம்மா எவ்வளவு நேரமாக நின்றாள் என்று யாருக்கும் தெரியாது. வந்து, மகனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முகத்தில் அழுகை இல்லை.

"திற," என்றாள். "சத்தமாப் படிடா. எனக்கும் கேக்கட்டும்."